சொம்பு பிடித்த இடம்

இன்று மதியம் பக்கத்துப் போர்ஷனிலிருந்து கற்பூர வாசனை வந்தது. கோயில் இருக்கும் ஊரில் கற்பூர வாசனைக்கு யாரும் தலை திருப்பிப் பார்ப்பதில்லை. நானும் விடைத்தாள் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இது பூசைக் கற்பூரம் இல்லை என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பூசைக்கு ஏற்றியது தானே எரிந்து முடியும்; வாசனை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இது பாதியில் சட்டென்று நின்றது. பின்னாலேயே அணைந்த கற்பூரத்தின் கருகலும் சுட்ட பித்தளையின் நெடியும் சேர்ந்து வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "புடிச்சிக்கிச்சி பாரு. அசையாம படுத்துக்கினு இரு" என்றது.

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அதன்பின் ஒரு தாளும் திருத்த முடியவில்லை.

இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். நீ எங்கோ இருந்து இதைப் படிப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதவில்லை. சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சொம்பு வைப்பது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். வயிற்றிலோ முதுகிலோ வலி வந்தால் வாயுப் பிடிப்பு என்பார்கள். வலிக்கும் இடத்தில் ஒரு வெற்றிலையை வைத்து, அதன்மேல் கற்பூரத்தை ஏற்றி, வாய் குறுகின பித்தளைச் சொம்பால் மூடுவார்கள். நெருப்பு அணையும். சொம்பு சதையைக் கவ்விக்கொள்ளும். இழுத்தால் வராது. உள்ளே இருக்கும் வாயுவை அது உறிஞ்சி எடுக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறதோ அவ்வளவு வாயு. உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். பாடம் நடத்தும் பழக்கம்.

உன் தையல் வகுப்பும் என் பௌதிக ஆய்வகமும் அடுத்தடுத்த அறைகள். நடுவில் இருந்த பலகைத் தடுப்பு கூரைவரை போகாது. உன் பெண்கள் மிஷினை மிதிக்கும் சத்தம் என் வகுப்புக்கும், நான் கத்துவது உன் வகுப்புக்கும் கேட்கும். ஒருநாள் எட்டாம் வகுப்புக்குக் காற்றின் வெப்ப விரிவைக் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குடுவையின் வாயில் ஒரு பலூனை மாட்டி, அடியில் ஸ்பிரிட் விளக்கை வைத்திருந்தேன். துவண்டு தொங்கிய பலூன் மெல்ல நிமிர்ந்து பருத்தது. குடுவைக்குள் யாரும் ஊதவில்லை, புதிதாக ஒன்றும் போகவில்லை, உள்ளே இருந்த காற்றுதான் சூட்டில் விரிந்து இடம் தேடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கத்தரிக்கோல் கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாய்.

"என்னா டீச்சர் இது? இப்பதான் பட்டினி கெடந்தவ மாதிரி தொங்கிக்கினு இருந்தா. அதுக்குள்ள மாசமா இருக்கறவ மாதிரி ஆயிட்டாளே."

வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. எனக்குக் கோபம். அன்று மாலை தெருவில் உன்னோடு பேசாமல் நடந்தேன். நீ பேசிக்கொண்டே வந்தாய். அந்த வருடத் தேர்வில் அந்தக் கேள்விக்கு அத்தனை பெண்களும் சரியாக எழுதினார்கள். அதை உன்னிடம் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீ மட்டும் கடைசிவரை என்னை 'டீச்சர்' என்றாய். 'டீச்சர், நீ வா', 'டீச்சர், நீ சும்மா இரு' என்று மரியாதையும் உரிமையும் கலந்து. நான் சென்னையில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்தவள், உன்னைவிட மூத்தவள், தனியாக இருப்பவள். பேகோபுரத் தெருவில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன்களில் நீயும் நானும். நீ இருந்த பக்கத்தில் இப்போது வேறு குடித்தனம். கிணறு பொது, துணி காயும் கொடி பொது. உன் வீட்டுக்காரர் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். உன் மகள் கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். என்னைப் பெரியம்மா என்றாள்.

வலி வந்தது ஒரு சித்திரையில். மலைப்பாறை பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் ஊர்மேல் சூட்டை விடும் மாதம். பௌர்ணமிக்கு மலை சுற்றப் போன நீ பாதியில் ஜட்கா வண்டியில் திரும்பினாய். காலில் முள் என்று எல்லாரிடமும் சொன்னாய். என்னிடம், "வயித்துல என்னமோ பிடிக்குது டீச்சர். வாயுதான். ஒரு சொம்பு வச்சி விடு" என்றாய்.

"நான் அதெல்லாம் வைக்க மாட்டேன். அது ஒண்ணும் பண்ணாது."

"பண்ணாட்டி போவுது. வச்சி விடு. உன் கைதான் நடுங்காது. அவரு வச்சா கற்பூரத்த புடவைமேல போட்டுடுவாரு."

வைத்தேன். கற்பூரம் எரிந்தது, அணைந்தது, சொம்பு பிடித்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். எடுத்தபோது நிலா வட்டம் போல் சிவந்த தடம் இருந்தது. அது ஒன்றும் செய்யாது என்று உனக்குப் பொறுமையாக விளக்கினேன். நெருப்பின் சூட்டில் சொம்புக்குள் இருக்கும் காற்று விரிகிறது. விரிந்த காற்றுக்கு இடம் போதாமல் ஒரு பகுதி விளிம்பு வழியாக வெளியே போய்விடுகிறது. மூடியதும் தீ அணைகிறது, மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். சதை உள்ளே தள்ளப்படுகிறது. அவ்வளவுதான். உன் வயிற்றிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை.

"அப்பிடியா" என்றாய், தூங்கப் போகிறவள் போல.

அடுத்த வாரமும் கேட்டாய். அதற்கடுத்த வாரமும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. பாயை விரித்து நானே படுத்தேன். "எனக்கு எந்த வலியும் கெடையாது. நல்லாத்தான் இருக்கேன். எனக்கு வை. பிடிக்குதா இல்லையான்னு பாரு" என்றேன். நீ கோமதியைக் கூப்பிட்டு, "வாடி, உங்க பெரியம்மா பரிசோதன பண்ணச் சொல்றாங்க" என்று சிரித்தபடி வெற்றிலையை வைத்தாய். கற்பூரம் ஏற்றிச் சொம்பை மூடினாய். என் வயிற்றில் அது எவ்வளவு கெட்டியாகப் பிடித்தது என்று எனக்கே வியப்பாக இருந்தது. பாடத்தில் படித்ததை உடம்பில் உணர்வது அதுதான் முதல் தடவை.

"பாத்தியா?" என்றேன். "வலி இல்லாதவளுக்கும் பிடிக்குது. இப்ப என்ன சொல்ற?"

நீ சொம்பைத் தட்டிப் பார்த்தாய். குனிந்து சுற்றிலும் பார்த்தாய். கோமதியும் பார்த்தாள்.

"என்னா சொல்றது டீச்சர். உனக்கும் வாயு இருக்குது."

கோமதி தரையில் உருண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பில் பிடிக்கிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆவணியில் ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஓவர்சியர், ஒரே மகன், சொந்த வீடு, நிலம். அவன் அம்மா அதிகம் பேசாத மனுஷி. வந்ததிலிருந்து கோமதியைவிட உன்னைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு அது பெருமையாக இருந்தது. "சம்பந்தியம்மா என் பொடவைய பாத்துக்கினே இருந்தாங்க" என்று சொன்னாய். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அதே மாதத்தில்தான் உன்னை இழுத்துக்கொண்டு போய் ஊரில் இருந்த லேடி டாக்டரிடம் காட்டினேன். அவர் அமுக்கிப் பார்த்தார். திரும்பவும் அமுக்கிப் பார்த்தார்.  "வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். தள்ளிப் போடாதீங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நீ வெளியே வந்ததும் ரிக்‌ஷா கூப்பிடாமல் பெரிய தெரு வழியாகவே நடந்தாய். பூக்கடையில் நின்று பூ வாங்கினாய். எனக்கும் வாங்கினாய்; நான் வைப்பதில்லை என்று தெரிந்தும்.

"எப்ப போலாம்? நாளைக்கு லீவு சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"தை முடியட்டும்."

"தைக்கு எவ்ளோ மாசம் இருக்கு தெரியுமா?"

"தெரியும். நிச்சயம் பண்ண பொண்ண வீட்ல வச்சிக்கினு வேலூருக்குப் போனேன்னு வை. அம்மாவுக்கு இன்னாவாம்னு கேப்பாங்க. அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்பாங்க."

அப்போது நம் ஊர் வடாற்காடு ஜில்லாவில் இருந்தது. எதற்கும் வேலூர்தான். கோர்ட்டுக்கு வேலூர், கலெக்டருக்கு வேலூர். அதனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "கலெக்டர் ஆபீஸ் வேலையா போறோம்னு சொல்லேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

நீ நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். "டீச்சர், நீ எந்த ஊர்ல இருக்க? கலெக்டர் ஆபீசுக்குப் போறவன் பத்து மணிக்குப் போவான், பையில காயிதக் கட்டோட போவான். புருஷனும் பொண்டாட்டியும் மொத பஸ்ல, சோத்து மூட்டையும் கூஜாவும் எடுத்துக்கினு போனா, அது எங்க போறதுன்னு பஸ் ஸ்டாண்டுல முறுக்கு விக்கறவனுக்குக்கூட தெரியும்."

அது உண்மைதான். 'வேலூருக்குப் போயிருக்காங்க' என்று நம் ஊரில் குரல் தாழ்த்திச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்க நினைத்திருந்தவர்கள் மட்டும் இன்னொரு இடத்தையும் பார்த்து வைப்பார்கள். அப்படி நின்றுபோன இரண்டு கல்யாணங்கள் நம் தெருவிலேயே உண்டு. நீ பயந்தது வீண் பயம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதுதான் என் வாயை அடைத்தது.

உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல மனிதர். பயந்துபோய் உன்னிடம் கேட்டார். அன்று நீ செய்ததைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். சொம்பை எடுத்து நீயே வைத்துக்கொண்டாய். "தோ பாரு, இழுத்துப் பாரு. வருதா? இவ்ளோ வாயு இருந்தா வலிக்காம என்னா பண்ணும்?" என்றாய். மறுநாள் கிணற்றடியில் அவர் என்னிடம், "வாயுதான் டீச்சரம்மா. நானே இழுத்துப் பாத்தேன், வரல" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. வலியே இல்லாத வயிற்றில் வைத்தாலும் பிடிக்கும் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நீ இளைத்தது ஊருக்குத் தெரியவில்லை. இது எப்படி என்று பல நாள் எனக்கும் புரியவில்லை. யார் இளைத்தாலும் ரவிக்கை தொளதொளவென்று தொங்கும். முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். உன் ரவிக்கைகள் எப்போதும் அளவெடுத்தது போலவே இருந்தன. பிறகு ஒரு பிற்பகல் பள்ளிக்கூடத்தில் பெண்கள் இல்லாத நேரம் உன் அறைக்கு வந்தேன். உன் ரவிக்கையைப் பிரித்துப் போட்டு, பக்கத் தையலை உள்ளே தள்ளி மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாய். உள்பக்கம் பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன, வயல் வரப்பு மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக. மாதா மாதம் உன்னை நீயே சின்னதாகத் தைத்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

"துணி மிச்சமாவுது டீச்சர்" என்றாய். "நல்லதுதான?"

இப்போதும் யாராவது தையல் மிஷின் மிதித்தால் அந்தத் துளைகள்தான் கண்ணுக்குள் வரும். அந்த அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தையல் பாடத்தை எடுத்துவிட்டார்கள். நான் பலூன் சோதனை செய்வதில்லை. வெப்பப்படுத்தினால் காற்று விரிவடையும் என்று கரும்பலகையில் எழுதுகிறேன், பெண்கள் எழுதிக்கொள்கிறார்கள். முன்பு போல எல்லாரும் சரியாக எழுதுவதில்லை. தீ காற்றைத் தின்றுவிடுகிறது என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். முன்னெல்லாம் அந்தத் தப்பைக் கண்டால் வகுப்பை நிறுத்திவிட்டுத் திருத்துவேன். இப்போது கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறேன்.

கல்யாணத்தன்று நீ எல்லாரையும்விட நன்றாக இருந்தாய். மாம்பழ நிறப் பட்டு, புது ரவிக்கை, கன்னத்தில் பூசின மஞ்சள். முகூர்த்தம் முடிந்து சம்பந்திகளுக்குப் பந்தி போட்டபோது சம்பந்தியம்மா உன்னையும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். நான் எதிர் வரிசையில் இருந்தேன். நீ வாரக்கணக்காகக் கஞ்சித் தண்ணீர்தான் குடித்து வந்தாய். அன்று இலையில் விழுந்த அத்தனையும் சாப்பிட்டாய். சாம்பார் சாதம், வடை, பாயசம், எல்லாம். "இன்னும் கொஞ்சம் பாயசம் போடுங்க, சம்பந்தியம்மாவும் சாப்பிடறாங்க இல்ல" என்று கேட்டு வாங்கினாய். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு துணிச்சலை என் வாழ்க்கையில் வேறெங்கும் பார்த்ததில்லை. எதற்கு அந்தத் துணிச்சல் செலவாயிற்று என்று நினைத்தால் தாங்க முடியவில்லை.

பந்தி முடிந்ததும் சத்திரத்தின் பின்கட்டில் பாத்திரங்கள் அடுக்கியிருந்த அறைக்குப் போனாய். நான் பின்னால் வந்தேன். ஜமக்காளத்தில் சுருண்டு படுத்திருந்தாய். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாய். "வை" என்றாய். கல்யாண வீட்டில் கற்பூரத்துக்கும் வெற்றிலைக்கும் பஞ்சமில்லை. ஒரு சொம்பைத் துடைத்து எடுத்தேன். அன்று நான் எதையும் விளக்கவில்லை.

சொம்பு பிடித்திருந்தபோது கதவு திறந்தது. சம்பந்தியம்மா. உன்னைப் பார்த்தாள், உன் வயிற்றின்மேல் இருந்த சொம்பைப் பார்த்தாள். நீ முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாய்.

"கண்டதையும் துன்னுட்டேன் சம்பந்தியம்மா. வாயு."

அவள், "படுத்திருங்க. நான் யாரையும் உள்ள வுடல" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வெளியே அவள் காவல் மாதிரி நின்றது கதவிடுக்கில் தெரிந்தது. நல்ல மாதிரி, என்று நீ சொன்னாய். கோமதி கொடுத்து வைத்தவள் என்றாய்.

மாசியில் வேலூருக்குப் போனோம். முதல் பஸ், சோற்று மூட்டை, கூஜா. முறுக்கு விற்பவன் பார்த்தான். நீ அவனைப் பார்த்துத் தலையாட்டினாய்.

அங்கே ஒரு இளம் டாக்டர் உன் வயிற்றில் இருந்த வட்டத் தடங்களைப் பார்த்தார். சில பழுப்பு, சில புதுச் சிவப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக. "இது என்ன?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன்: சொம்பு, கற்பூரம், காற்றின் விரிவு, அழுத்த வேறுபாடு. தெளிவாகவே சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டு, "சரிங்க" என்றார். பிறகு ஆபரேஷனுக்கு எடுத்துப்போனார்கள். திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். புற்று வயிற்றுக்குள் எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது.

அந்த இளம் டாக்டரைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன். ஆவணியிலேயே வந்திருந்தால்?

"சொல்ல முடியாதுங்க" என்றார்.

பிழைத்திருப்பாள் என்று சொல்லியிருந்தால் அதோடு எப்படியோ இருந்திருப்பேன். எப்போது வந்திருந்தாலும் பயனில்லை என்று சொல்லியிருந்தால் அதோடும் இருந்திருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பையனை நான் மதிக்க வேண்டும். அப்படிச் சொல்லத்தான் நானும் வாழ்நாள் முழுவதும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல், உன் வீட்டுக்காரர் காபி வாங்கப் போயிருந்தார். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாய்.

"டீச்சர், சரியா சொல்றேனா பாரு. சூடு பண்ணா காத்து விரியுது. உள்ள எடம் பத்தல, கொஞ்சம் வெளிய போயிடுது. ஆறுனதும் உள்ள இருக்கறது கம்மி. வெளிய இருக்கற காத்து அமுக்குது. அதான?"

"அதான்."

"முழு மார்க்கா?"

"முழு மார்க்."

"அன்னிக்கி பாய்ல படுத்து காட்டுனியே, அப்பவே புரிஞ்சிடுச்சி. அதுக்கு முன்னாடியே புரிஞ்சிடுச்சி. நான் என்னா அவ்ளோ மக்கா?"

"அப்புறம் ஏன் வாயு வாயுன்னு சொல்லிக்கினே இருந்த?"

"வேற என்னான்னு சொல்லச் சொல்ற?"

 நீயே தொடர்ந்தாய். "அது பிடிக்கிற நேரம் வலி வேற எடத்துக்குப் போவுது. அதுக்காவதான். அப்புறம், நீ யாரையும் தொடமாட்ட டீச்சர். கோமதி பொறந்தப்பகூட கைல வாங்கல, தூரத்துல நின்னு நல்லாருக்கான்னு சொன்ன. அத வக்கிறப்ப மட்டும் கைய வச்சிக்கினு பக்கத்துல உக்காந்திருப்ப."

நான் எழுந்து உன் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்கு அது தெரிந்திருக்காது.

வைகாசியில் நீ போனாய்.

காரியத்தன்று முற்றத்தில் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். சம்பந்தியம்மா அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூசணியைக் கீறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சிக்கங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எனக்குச் சந்தேகம்தான். அவங்க கழுத்து எலும்பையே பாத்துக்கினு இருந்தேன். சத்திரத்துல கதவ தொறந்தப்ப சந்தேகமே இல்ல. எங்கம்மாவுக்கும் அதே எடத்துலதான் சொம்பு வச்சோம்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"எங்கம்மா அதுலதான் போனாங்க. வேலூர்லதான் பாத்தோம். ஊர்ல மஞ்சகாமாலைன்னு சொல்லிட்டோம். பையனுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்க இல்ல? உங்க வீட்டுக்கும் சொல்லல."

"தெரிஞ்சும் ஏன் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"எங்ககிட்டயே இருக்குது, நான் யாரப் போயி கொற சொல்றது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆவணியிலயே கோயில்ல வச்சி தாலியக் கட்டிட்டு, மறுநாளே நானே இட்டுக்கினு போயிருப்பேன். எனக்கு அங்க வழியெல்லாம் தெரியும்."

"நீங்களாவது கேட்டிருக்கலாமே."

"அவங்களே வாயுன்னு சொல்றப்ப, இல்லன்னு நான் எப்பிடிங்க சொல்றது?"

பூசணித் துண்டுகளை அள்ளித் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து போனாள். நல்ல மனுஷி. கோமதியைத் தன் மகள் போல வைத்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தால் நன்றாக இருக்கும். வரவில்லை. உன்மேலும் வரவில்லை. நீ எதற்காக அந்த மாதங்களைக் கொடுத்தாயோ, அதை யாரும் உன்னிடம் கேட்கவே இல்லை. எதிர்த்தரப்பிலும் ஒருத்தி அதே பொய்யை மூடி வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டீர்கள். எதிர் வரிசையில் நான்.

காலம் ஆற்றும் என்கிறார்கள். நான் கவனித்தவரை அப்படி எதுவும் நடக்கவில்லை. உன்னைப் போல மலை சுற்றியிருந்தால் யாரிடமாவது முறையிட்டிருப்பேனோ என்னவோ. கார்த்திகையில் தீபம் ஏற்றும்போது தெருவே கையெடுத்துக் கும்பிடுகிறது. நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். எனக்கு விதி என்று ஒன்று இல்லை. மனிதர்கள், அவர்களுடைய பயம், அவ்வளவுதான். விதி என்று சொல்ல முடிந்தவர்கள் எப்படியோ தூங்கிவிடுகிறார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்றேனே, அது இனிமேல்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்திருந்தாள், பையனையும் கூட்டிக்கொண்டு. அவனை முற்றத்தில் விளையாட விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவள் முகவாய் இப்போது உன்னுடையதாகவே ஆகிவிட்டது. பேச்சுவாக்கில், குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"பெரியம்மா, தை மாசம் எனக்குக் கல்யாணம். மாசில அம்மாவ வேலூருக்கு இட்டுக்கினு போனீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மாவுக்குத் தெரியுமா?"

நான் இன்னொரு கீரைக்கட்டைப் பிரித்தேன்.

"எனக்காவதான் போவாம இருந்தாங்களா?"

இத்தனை ஆண்டுகளாக இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறாள்.

"சேச்சே, யாரு சொன்னது?" என்றேன். "உங்கம்மா கடைசிவரைக்கும் வாயுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தா. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. உனக்குத்தான் தெரியுமே அவ பிடிவாதம்."

கோமதி தலை நிமிர்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. வகுப்பில் நின்று பழகிய முகம்.

"ஆமா பெரியம்மா. சொம்பு வச்சா எவ்ளோ கெட்டியா புடிக்கும், நானே இழுத்துப் பாத்திருக்கேன். அவ்ளோ வாயு இருந்திருக்குது. அதான் அம்மாவுக்குச் சந்தேகமே வரல போல."

கையில் இருந்த தண்டை ஒடித்தேன். 

"ஆமாம்மா" என்றேன். "வாயு ஜாஸ்தியா இருந்தா அப்படித்தான் பிடிக்கும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவள் தோள்கள் இறங்கின. கீரைத்தண்டை ஒதுக்கிவிட்டு, பையனுக்கு இந்த வருடம் என்னென்ன பாடம் என்று சொல்ல ஆரம்பித்தாள். அடுத்த வருடம் அவனுக்குச் சயின்ஸ் தொடங்குகிறதாம். லீவில் என்னிடம் அனுப்புகிறாளாம், நானே சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

சரி என்று சொல்லியிருக்கிறேன்.